குட் பேட் அக்லி 4கே பாத்தாச்சு: 18 நிமிஷம் கம்மி பண்ணா படம் ஏறுது, சண்டைக்கு வர்றவங்க வரலாம்

ஒத்தச்சுருட்டு (சென்னை) · ஞாயிறு இரவு 11.52

ஒருவழியா 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி', அதான் செர்ஜியோ லியோனி எடுத்த பழைய கௌபாய் படம், அதோட 4கே டிஸ்க் கைக்கு வந்துடுச்சு மக்களே. கினோ லார்பர் கம்பெனி 2021-ல அமெரிக்கால போட்டது, அங்க இருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் பொட்டில வேட்டிக்கு நடுவுல சுத்திக் கொண்டு வந்து குடுத்தார். இன்னைக்கு சாயங்காலம் அப்பாவோட உக்காந்து ஒரே மூச்சுல பாத்தேன். அவருக்கு 74 வயசு, காலேஜ் படிக்கறப்ப தியேட்டர்ல பாத்தது, அதுக்கப்புறம் நான் வீட்ல ஓட்டும்போது அந்தப் பக்கம் போறப்ப வர்றப்ப எட்டிப் பாக்கறதோட சரி.

விஷயம் என்னன்னா, நான் இத்தனை வருஷமா பாத்துட்டு இருந்தது 2014-ல வந்த ப்ளூரே, அதுல இருக்கறது 179 நிமிஷ நீள வெர்ஷன் மட்டும்தான். இந்த 4கே டிஸ்க்ல 1967 டிசம்பர்ல அமெரிக்கால ரிலீஸான 161 நிமிஷ சொச்ச வெர்ஷன். வெட்டின படம்தானே, எங்கயாவது இடிக்கும்னு நெனச்சுட்டே உக்காந்தேன், ஒரு எடத்துலயும் இடிக்கல, சொல்லப்போனா இப்பதான் படம் மூச்சு வாங்காம ஓடற மாதிரி இருந்துச்சு. அந்தக் குகை சீன் இருக்கே, ட்யூகோ (ஈலை வாலக் நடிச்ச திருடன்) கையில கோழியோட உள்ள போய் தனியா பொலம்பி பழைய கூட்டாளிங்க மூணு பேர வெளிய வர வைப்பான், அந்த சீன் வந்தாலே நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுடுவேன், பத்து வருஷமா அது ஏன்னே தெரியாது. இன்னைக்கு எந்திரிக்கல, ஏன்னா அந்த சீனே இல்ல.

இன்னொண்ணு அந்தக் குரல். 2003-ல வெட்டின இந்தச் சீனெல்லாம் திரும்பச் சேக்கறப்ப ஈஸ்ட்வுட்டையும் ஈலை வாலக்கையும் கூப்பிட்டு புதுசா டப்பிங் பேச வெச்சாங்க. வாலக் ஷூட்டிங்ல இருந்தப்ப 50 வயசு, இந்த டப்பிங் பேசறப்ப 87. திரைல வாட்டசாட்டமா ஒரு திருடன், வாயத் திறந்தா தாத்தா. லீ வான் க்ளீஃப் 1989-லயே போய்ட்டதால அவருக்கு வேற ஒருத்தர் குரல். இதெல்லாம் தெரிஞ்சுமா 'முழுப் படம்'னு இதையே சிபாரிசு பண்றீங்க?

இனிமே நீள வெர்ஷன நான் போட மாட்டேன்.

குண்டுமணி (சிங்கப்பூர்) · திங்கள் காலை 7.15

காலங்காத்தால டென்ஷன் பண்றீங்களே தல. மொதல்ல ஒரு அடிப்படை விஷயம், இது இத்தாலிப் படம். 1966 டிசம்பர்ல இத்தாலில ரிலீஸானப்ப கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு அமெரிக்க ரிலீஸுக்காக கத்திரி வெச்சதுதான் உங்க 161. நீங்க லியோனி படத்தப் பாத்து ரசிக்கல, கத்திரியப் பாத்து ரசிக்கறீங்க.

ரெண்டாவது, கதையே அந்த வெட்டுனதுக்குள்ளதான் இருக்கு. பாலைவனத்துல பிளாண்டிய (ஈஸ்ட்வுட்) இழுத்துட்டு வந்த ட்யூகோவுக்கு பக்கத்துல மிஷன் (பாதிரியார் மடம்) இருக்கறது எப்படித் தெரியும்? வெட்டின சீன்ல ஒரு சோல்ஜர் சொல்றான். ஏஞ்சல் ஐஸ் (வான் க்ளீஃப்) நடுவுல ரொம்ப நேரம் ஆளையே காணோம், அப்புறம் திடீர்னு கைதிகள் முகாம்ல யூனியன் (வடமாநில ராணுவ) சார்ஜெண்டா நிக்கறான், எப்படி? நீள வெர்ஷன்ல அவன் இடிஞ்சு போன கோட்டைக்குப் போவான், அடிபட்ட தென்மாநில சோல்ஜருங்க வரிசையா கிடப்பாங்க, அங்கதான் தங்கம் இருக்கற எடம் தெரிஞ்ச பில் கார்சன் பத்தித் துப்பு கிடைக்கும். அந்த சீன்ல வான் க்ளீஃப் முகத்தப் பாருங்க. படத்துலயே கல்நெஞ்சுக்காரன் அவன், சுத்தி கிடக்கறவங்கள ஒரு பார்வை பாப்பான், கொஞ்ச நேரம் அவனே ஆடிப் போன மாதிரி இருக்கும். இது வேணாம்னு சொல்ற ஒருத்தர நான் இன்னைக்குதான் பாக்கறேன்.

தாத்தா குரல் ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக சீனையே தூக்கிப் போடறது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தற மாதிரி.

சோஃபா மன்னன் · திங்கள் காலை 9.40

நடுவுல வர்றேன், கோச்சுக்காதீங்க. அந்த 4கே நானும் ஒரு ஃப்ரெண்டு வீட்ல 65 இன்ச் டிவில பாத்தேன், வானம் முழுக்க புள்ளி புள்ளியா ஊறுது. இதுக்கா இவ்ளோ காசு? என் போன்ல பாத்தா இதவிட க்ளீனா இருக்கு.

கீர்த்தி_கோவை · திங்கள் காலை 10.20

சோஃபா அண்ணா, அது புள்ளி இல்லீங்க, ஃபிலிம் கிரெயின். இந்தப் படம் டெக்னிஸ்கோப்ல எடுத்தது. சாதாரணமா 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு ஃப்ரேமுக்கு நாலு துளை உயரம் போகும், டெக்னிஸ்கோப்ல ரெண்டுதான். ஃபிலிம் செலவு பாதி, அதனாலதான் இத்தாலிக்காரங்க அத விரும்பினாங்க. ஆனா அந்தச் சின்ன ஃப்ரேமத்தான் இழுத்துப் பெருசாக்கணும், கிரெயினும் சேர்ந்து பெருசாகும். அத வழிச்சு எடுத்தா புள்ளியோட சேர்த்து தோலும் போயிடும், மூஞ்சி மெழுகு பொம்மையாட்டம் ஆயிரும். மொத ஷாட்ல காலி மலை தெரியும், அப்படியே ஒரு மூஞ்சி பக்கவாட்டுல வந்து திரைய அடைச்சிரும், ஞாபகம் இருக்குங்களா? அதுல ஒவ்வொரு வேர்வைத் துளையும் தெரியறது இந்தக் கிரெயின் இருக்கறதாலதான். போன்ல க்ளீனாத் தெரியுதுன்னா அங்க பாதித் தகவல் இல்லேன்னு அர்த்தம்.

மத்த சண்டைக்கு மத்தியானம் வர்றேன், இப்ப ஆபீஸ்.

ஒத்தச்சுருட்டு · திங்கள் மதியம் 1.05

குண்டுமணி ப்ரோ, நீங்க சொன்ன லாஜிக்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. நீங்க தூக்கி வெச்சு ஆடற அந்தக் குகை சீன, ரோம்ல பிரீமியர் முடிஞ்ச கையோட லியோனியே எடுத்துட்டார். இத்தாலில டிக்கெட் வாங்கிப் பாத்த ஜனங்களே அத பாக்கல. 2003-ல அத திரும்ப ஒட்டினப்ப லியோனி செத்து 14 வருஷம். அப்ப உங்க 179 யாரோட படம்? இத்தாலி வெர்ஷனும் இல்ல, அமெரிக்க வெர்ஷனும் இல்ல, அவர் உயிரோட இருந்தவரைக்கும் உலகத்துல இல்லாத ஒரு வெர்ஷன். கத்திரிய ரசிக்கறேன்னு என்னச் சொன்னீங்க, நீங்க ரசிக்கறது கோந்து.

குண்டுமணி · திங்கள் மதியம் 1.32

குகைய நான் எங்க தூக்கி வெச்சு ஆடினேன், மேல போய் என் பதிவ இன்னொரு தடவ படிங்க. நான் சொன்னது கோட்டை, அந்த சோல்ஜர். குகைய நீங்கதான் இழுத்தீங்க. சரி, குகை லியோனியே எடுத்ததுன்னே வெச்சுக்குவோம், மத்த சீனெல்லாம்? அதெல்லாம் இத்தாலில ஓடுனதுதானே? ஒரு கோழிய வெச்சு மொத்தக் குடும்பத்தையும் வீட்ட விட்டுத் துரத்தறீங்க.

ஸ்பீக்கர் சாமி (மதுரை) · திங்கள் மதியம் 2.10

ஏப்பா, எல்லாம் நிமிஷத்துக்கே அடிச்சுக்கிறீங்க, சத்தத்தப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டேங்கிறீங்க. நீள வெர்ஷனோட வந்த 5.1 (ஆறு ஸ்பீக்கர்) சவுண்டுல துப்பாக்கிச் சத்தத்தையே மாத்திப்புட்டாய்ங்க. இத்தாலி கௌபாய் படத்துக்குன்னே ஒரு வெடி இருக்குல்ல, 'பட்'டுன்னு அடிச்சு 'ப்ஞ்சூஊஊ'ன்னு குண்டு கல்லுல பட்டுத் தெறிக்கிற சத்தம், அது போயி இப்ப வர்ற படத்துல கேக்குற மாதிரி தொம்முனு ஒரு பாஸ். கேக்க ஜோராத்தான் இருக்கும், இல்லங்கல, பாலத்த வெடிக்கிறப்ப எங்க வீட்டு ஜன்னல் கம்பி ஆடிருச்சு, பக்கத்து வீட்டு அக்கா வந்து என்ன தம்பி சிலிண்டரான்னு கேட்டாக. ஆனா அது 1966 இல்லப்பா. நான் மோனோலதான் பாப்பேன், ஒத்த ஸ்பீக்கர்ல இசையமைப்பாளர் மோரிகோனியோட விசில் நடு நெத்தியில வந்து விழணும்.

பாலம்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தப் பாலத்த ஸ்பெயின் ராணுவத்துக்காரங்கதான் கட்டிக் குடுத்தது, கேமரா ஓடுறதுக்கு முன்னாடியே சிக்னல் குழப்பத்துல வெடிச்சுத் தொலைச்சிட்டாய்ங்க, மறுபடி அவங்களே கட்டி மறுபடி வெடிச்சாங்க. நம்ம பாக்கறது ரெண்டாவது பாலம்.

யாழ்_கிழவன் (ரொறொன்ரோ) · திங்கள் இரவு 8.45

தம்பிமார், உங்கட சண்டையைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக் கிடக்கு. நான் உந்தப் படத்தை முதல் முதல் பார்த்தது விஎச்எஸ் கசெட்டில. ரெண்டு பக்கமும் வெட்டி, பழைய டிவிப் பெட்டிக்கு ஏத்த மாதிரி சதுரமாக்கி விட்டிருந்தவங்கள். கடைசியில மூண்டு பேரும் சுடுகாட்டு நடுவில வட்டமா நிக்கிற இடம் தெரியுந்தானே, எனக்கு எந்த நேரமும் ரெண்டு பேர்தான் தெரிவினம், மற்றவர் பெட்டிக்கு வெளியில நிண்டவர். ஆர் ஆரைப் பார்க்கினம் எண்டே விளங்கேல்ல. கன வருசம் கழிச்சு டிவிடியில முழு அகலத்தில பார்த்த அண்டைக்குத்தான் உண்மையா அந்தப் படத்தைப் பார்த்தனான் எண்டு சொல்லுவன். பதினெட்டு நிமிசம் கூடினா என்ன குறைஞ்சா என்ன, மூண்டு பேரும் ஒண்டாத் தெரியினம், எனக்கு அது காணும்.

டெக்ஸ்தாசன் · திங்கள் இரவு 9.20

கிழவன் ஐயா சூப்பர். நான் காமிக்ஸ் வழியா வந்தவன், சிவகாசி லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லர் படிச்சுட்டுதான் இந்தப் படத்துக்கே போனேன். அதுவும் இத்தாலிக்காரங்க போட்ட கௌபாய்தான், 1948-ல ஆரம்பிச்சது, லியோனிக்கு ரொம்ப முன்னாடி. அதனால எனக்கு நீளமா இருந்தா ஜாலி. காமிக்ஸ்ல குதிரைல போறதுக்கே நாலு பக்கம் போகும், யாரும் வெட்டச் சொன்னதில்ல. குண்டுமணி அண்ணனுக்கு என் ஓட்டு.

கீர்த்தி_கோவை · திங்கள் இரவு 10.05

ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஹோட்டல் சீனப் பத்திப் பேசுவோங்க, ஏன்னா குகை வேணுமா வேணாமாங்கறது அங்கதான் முடிவாகும்.

பிளாண்டி ரூம்ல தனியா உக்காந்து துப்பாக்கியக் கழட்டித் தொடைச்சுட்டு இருக்கான். வெளிய படை பின்வாங்கிப் போகுது, வண்டிச் சத்தம், குதிரைச் சத்தம், ஒரே இரைச்சல். கீழ மூணு பேரு வந்து அவனப் பத்தி விசாரிச்சுட்டு மாடி ஏறறாங்க. அந்த இரைச்சல்ல அவனுக்கு ஒண்ணும் கேக்காது. திடீர்னு படை நின்னுருது, ஒரு நொடி அமைதி, அந்த ஒரு நொடில பூட்ஸ் முள்ளு 'க்ளிங்'ங்குது. அவ்ளோதான், அவன் கை வேகம் புடிக்குது. கதவத் தொறந்தவங்க மூணு பேரும் காலி. முடிஞ்சுதுன்னு நெனச்சா ஜன்னல்ல ட்யூகோ.

குகை சீனப் பாத்துட்டு வந்தீங்கன்னா அந்த மூணு பேரு யாரு, யாரு அனுப்பினது, எல்லாம் முன்கூட்டியே தெரியும். ஜன்னல்ல ட்யூகோ வர்றதுக்கு நீங்களே காத்துட்டு இருப்பீங்க. குகை இல்லேன்னா அவன் ஜன்னல்ல வர்றது நமக்கும் பிளாண்டிக்கும் ஒரே நேரத்துல தெரியும். ஒரு விளக்கம் குடுக்கப் போய் ஒரு நல்ல அதிர்ச்சியக் காலி பண்ணிட்டாங்க.

குண்டுமணி · திங்கள் இரவு 10.40

கீர்த்தி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா உண்மையச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நாம கடைசியா ட்யூகோவ எங்க பாத்தோம்? பாலைவனத்துல நடந்து வந்து, துப்பாக்கிக் கடைல நாலஞ்சு துப்பாக்கியக் கழட்டி ஒண்ணா மாட்டி, கடைக்காரரையே கொள்ளையடிச்சுட்டுப் போறான். அவ்ளோ வெறியோட போனவன் யாரத் தேடிப் போவான், ஆள் அனுப்பறது வேற யாரா இருக்கும்? குகை இல்லாமலும் எனக்கு அது அதிர்ச்சி இல்ல, ஊகம்தான்.

கீர்த்தி_கோவை · திங்கள் இரவு 11.15

ஊகம் பண்றதுக்கும் சொல்லிட்டு வர்றதுக்கும் வித்தியாசம் இருக்குங்களே. சரி, அதிர்ச்சிங்கற வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன்.

ஆனா என் பாயிண்ட் வேற எடத்துல இருக்கு. இந்தப் படத்துக்குன்னு ஒரு கணக்கு உண்டு, ஃப்ரேமுக்கு வெளிய இருக்கறது கதைல இருக்கறவங்களுக்கும் தெரியாது. காலி நிலத்துல மூஞ்சி முளைக்கும். பிளாண்டியும் ட்யூகோவும் ஒரு பெரிய ராணுவ முகாமுக்குப் பக்கத்துல வந்து நிப்பாங்க, துப்பாக்கி நீட்டற வரைக்கும் அது அவங்க கண்ணுக்கே தெரியாது. நெசத்துல நடக்குமா, நடக்காது. ஆனா படம் முழுக்க அப்படித்தான், ஆளுங்க ஓரத்துல இருந்து உள்ள விழுவாங்க. கதையும் அதே மாதிரி ஓரத்துல இருந்து விழறதுதானே அழகு? ஏஞ்சல் ஐஸ் எப்படி சார்ஜெண்ட் ஆனான்னு கேட்டீங்க. ஆனான், அவ்ளோதான். ட்யூகோ அந்த முகாம்ல தலைய நிமித்திப் பாக்கறப்ப அவன் அங்க உக்காந்திருக்கறது, சுடுகாட்டுல மண்வெட்டி வந்து விழற மாதிரி விழணும். எப்படி வந்தான்னு விளக்கிட்டா அவன் ஒரு ஆளு, விளக்கலேன்னா சகுனம்.

ஒத்தச்சுருட்டு · திங்கள் இரவு 11.21

'சகுனம்'!!! அக்கா கால்ல விழறேன். நான் ரெண்டு நாளா சொல்ல வந்தது இதுதான்.

குண்டுமணி · செவ்வாய் காலை 6.50

நீங்க சொல்ல வந்தது தண்ணி குடிக்க எந்திரிச்சது, அக்கா சொன்னத உங்க அக்கவுண்ட்ல போட்டுக்காதீங்க.

கீர்த்தி, ஃப்ரேம் கணக்கு எனக்கும் புடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா கோட்டை சீன் விளக்கம் குடுக்கற சீன் மட்டும் இல்லயே. கதை நடக்கறது 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, நியூ மெக்சிகோ பக்கம் தென்மாநிலத் தளபதி சிப்லியோட படை அடிவாங்கித் திரும்பற சமயம். மூணு திருட்டுப் பசங்க ரெண்டு லட்சம் டாலர் தங்கத்துக்கு ஓடறாங்க, சுத்தி ஆயிரக்கணக்குல ஆளுங்க சும்மா செத்துட்டு இருக்காங்க. பிளாண்டிக்கு அத உணர ஒரு எடம் குடுத்திருக்கார், சாகப்போற சின்னப் பையனுக்கு கோட்டப் போத்தி விட்டு சுருட்டக் குடுப்பான். ட்யூகோவுக்கு மிஷன்ல அண்ணன் இருக்கார். மூணாவது ஆளுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல, கோட்டை சீன்ல மட்டும்தான் இருக்கு. அத எடுத்துட்டா அவன் வெறும் வில்லன். நீங்க சகுனம்ங்கறீங்க, நான் பாதி ஆளுங்கறேன்.

ஒத்தச்சுருட்டு, உங்களுக்கு ஒரு பந்தயம். அந்த ஒரு சீன மட்டும் அப்பாவோட போட்டுப் பாருங்க. குகை கிகை எல்லாம் விட்டுருங்க. பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க, நான் இந்தத் திரிய விட்டே போயிடறேன்.

ஸ்பீக்கர் சாமி · செவ்வாய் காலை 8.05

போட்டுப் பாருப்பா. மோனோல போடு.

ஒத்தச்சுருட்டு · புதன் இரவு 10.30

போட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி நடந்த கூத்தக் கேளுங்க. 4கே டிஸ்கோட ஒரு சாதா ப்ளூரேவும் கூட வந்துச்சு, நீள வெர்ஷன் அதுலதான். உள்ள தள்ளினா 'இந்தப் பகுதிக்கான டிஸ்க் அல்ல'ன்னு வருது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ப்ளூரேவுக்கு உண்டு, அது ஏ ரீஜன், நம்ம ஊரு சி. குண்டுமணிக்கு சிங்கப்பூர் ஏ-ங்கறதால இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. வேற வழியில்லாம அலமாரில இருந்து பழைய 2014 டிஸ்க எடுத்துப் போட்டேன்.

சீனப் பத்தி நேர்மையா சொல்றேன். வான் க்ளீஃப் அந்தக் கிடக்கறவங்களப் பாக்கற பார்வை இருக்கே, ஆமா, இருக்கணும். வாயத் திறந்தா வேற ஆள் குரல்ங்கறது உறுத்துது, ஆனா அந்தப் பார்வைக்கு குரல் தேவையில்ல. குகை வேணாம், கோட்டை இருக்கட்டும், இதுக்கு மேல எறங்கி வர மாட்டேன்.

அப்பா பாதிலயே எந்திரிச்சுட்டார். என்னப்பா புடிக்கலயான்னு கேட்டேன். "சீன் நல்லாத்தான் இருக்கு, டிவிக்கு என்னடா ஆச்சு, ஞாயித்துக்கிழம நல்லாத்தான இருந்துச்சு, இப்ப எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கு"ன்னார்.

கீர்த்தி_கோவை · புதன் இரவு 10.41

அய்யோ அந்த 2014 மஞ்சள்!! வானமே மோர்க்குழம்பு கலர்ல இருக்கும். அப்பாகிட்ட டிவி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருங்க, இல்லேன்னா நாளைக்கு மெக்கானிக்கக் கூப்பிட்டுருவார்.

ஒத்தச்சுருட்டு · புதன் இரவு 10.44

கூப்பிட்டுட்டார். வெள்ளிக்கிழம வர்றானாம்.